குதிகால் தெரிய வேண்டிய ஓட்டை

முதல் ஒரு வருடத்தில் எங்களிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான்: "நல்ல காலுக்கு எதுக்குங்க ஷூ?"

என் மகள் பிறந்தபோதே அவளுடைய வலது பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. வளைபாதம் என்று பெயர். உள்ளங்கால் தரையைப் பார்க்காமல் பக்கத்துக் காலைப் பார்க்கும். கோவையில் ஒரு மருத்துவமனையில் வாரத்துக்கு ஒன்றாக ஆறு மாவுக்கட்டுப் போட்டு மெல்ல மெல்லத் திருப்பினார்கள். பிறகு குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாரில் சின்னதாக ஒரு வெட்டு, அதற்கு மேல் இன்னொரு கட்டு. மே மாதக் கடைசியில் கட்டைப் பிரித்தபோது பாதம் நேராக இருந்தது. நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

வேலை அப்போதுதான் தொடங்கியது. நேரான பாதம் நேராகவே நிற்க வேண்டுமானால் ஷூ போட வேண்டும். இரண்டு சின்ன ஷூக்கள், நடுவில் அவற்றை இணைக்கும் ஒரு கம்பி. கம்பியின் முனைகளில் ஷூக்கள் வெளிப்பக்கம் திரும்பி நிற்கும். வலது எழுபது டிகிரி, இடது நாற்பது. முதல் மூன்று மாதம் நாளுக்கு இருபத்து மூன்று மணி நேரம் போட வேண்டும். அதற்குப் பிறகு நாலைந்து வயது வரை தூங்கும்போதெல்லாம். போடாமல் விட்டால் பாதம் பழைய இடத்துக்கே திரும்பிவிடும் என்று டாக்டர் மூன்று தடவை சொன்னார்.

நான் மலையில் பிக்கட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால் விசை, எதிர்விசை என்று ஆரம்பித்துவிடுவேன். கேட்டவர் பாதியிலேயே பஸ் வருகிறதா என்று பார்ப்பார். என் மனைவி காரமடைப் பக்கம் தோட்டம் துரவு உள்ள வீட்டில் பிறந்தவள். அவளுடைய பதில் ஒரு வரி.

"ஒத்த மாட்டுக்கு நுகம் பூட்ட முடியுங்களா?"

கேட்டவர்கள் ஒரு நிமிடம் கம்பியையும் இரண்டு ஷூக்களையும் பார்ப்பார்கள். பிறகு தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதிலிருந்து எங்கள் வீட்டில் வலது காலுக்குச் செவலை, இடது காலுக்கு மயிலை என்று மாட்டுப் பெயர் வந்தது. "செவலை இன்னைக்கு இடக்குப் பண்ணுதுங்க" என்று அவள் சமையலறையிலிருந்து சொன்னால், குழந்தை வலது காலைச் சுருட்டி இழுக்கிறாள், வந்து பிடித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

முதல் நான்கு நாட்கள் குழந்தை அழுதாள். ஐந்தாம் நாள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். ஒரு காலை மட்டும் உதைத்தால்தான் கம்பி தடுக்கிறது, இரண்டையும் சேர்த்து உதைத்தால் தூக்கிவிடலாம். அதற்குப் பிறகு எங்களுக்குத்தான் பாதுகாப்பில்லை. இரண்டு கால்களையும் கம்பியோடு உயர்த்தி, ஒரு கணம் நிறுத்தி, தொப்பென்று கீழே போடுவாள். எங்கள் வீட்டுத் தரை மரப்பலகை. பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "மகாராணி எழும்பியாச்சா?" என்று கேட்பார். ஒருநாள் குனிந்து கொஞ்சப் போனேன், கம்பி என் மூக்குக் கண்ணாடியைப் பதம் பார்த்தது. மூக்கில் பிளாஸ்திரியோடு வகுப்புக்குப் போனேன். ஒன்பதாம் வகுப்பில் பின்பெஞ்சில் ஒருவன் எழுந்து, "டீச்சரம்மா அடிச்சாங்களா சார்?" என்றான். என் மனைவி டீச்சர் இல்லை. அதை மட்டும் மறுத்தேன்.

இங்கே என் வயதைச் சொல்லிவிட வேண்டும். அவள் பிறந்தபோது எனக்கு நாற்பத்தாறு முடிந்திருந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்த குழந்தை. மஞ்சூரில் கோவை பஸ் ஏறும்போது நடத்துநர், "அப்பிச்சி முன்னால உக்காருங்க, புள்ளைய வச்சிருக்கீங்க" என்று இடம் பிடித்துக் கொடுப்பார். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். தாத்தா இல்லை, அப்பன் என்று சொல்ல வாய் வரும். ஜன்னலோரம் கிடைத்திருக்கிறதே என்று அடக்கிக்கொள்வேன்.

பதினோரு வருடம் கழித்து வந்த குழந்தை என்றால் பயமும் பதினோரு வருடத்துக்குச் சேர்ந்து வரும். மருத்துவமனையில் ஒரு தாள் கொடுத்தார்கள். எத்தனை மணிக்குப் போட்டோம், எத்தனை மணிக்குக் கழற்றினோம் என்று அதில் எழுத வேண்டும். நான் நிமிடக்கணக்கும் எழுதினேன். குளிப்பாட்ட ஒரு மணி நேரம் கொடுத்திருந்தார்கள், நாங்கள் நாற்பது நிமிடத்தில் முடித்தோம். கோணம் மாறிவிடுமோ என்ற பயத்தில், கரும்பலகையில் படம் போடப் பயன்படும் பெரிய மரக் கோணமானியைப் பள்ளியிலிருந்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். தினமும் காலையில் குழந்தையின் கால்மாட்டில் அதை வைத்து எழுபதும் நாற்பதும் சரியா என்று பார்ப்பேன். ஷூ கம்பியில் திருகாணி போட்டு முடுக்கியது, அது எங்கே நகரப்போகிறது? தலைமை ஆசிரியர் இரண்டு வாரம் கழித்துக் கோணமானி எங்கே என்று கேட்டார். உடைந்த ஓரத்தை ஒட்டக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அதில் உடைந்த ஓரமும் இருந்தது.

ஜூன் கடைசியில் மழை பிடித்தது. அவலாஞ்சிப் பக்கமிருந்து காற்றோடு வரும் மழை. எங்கள் குந்தாவில் அது தொடங்கிவிட்டால் துணி காயாது, தீப்பெட்டி பற்றாது. குழந்தைக்கு ஷூவுக்குள் போட மெல்லிய பருத்தி சாக்ஸ்தான் கொடுத்திருந்தார்கள். ஷூவைக் கழற்றி விரல்களைத் தொட்டுப் பார்த்தால் ஜில்லென்றிருக்கும். என் மனைவி, "எல்லாப் புள்ளைகளுக்கும் வெரலு அப்படித்தானுங்க இருக்கும்" என்றாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. சளி, காய்ச்சல், நிமோனியா என்று வரிசையாகத் தோன்றியது.

பக்கத்து வீட்டு அக்கா எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர். பதினைந்து வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பளி பின்னுவார். நான் போய்க் கேட்டதும் இரண்டே நாளில் ஒரு ஜோடி சிவப்பு சாக்ஸ் பின்னிக் கொடுத்தார். "மாஸ்டர், ஷூ போட ஏலுமா பாருங்க. ஏலாட்டி பிரிச்சு வேற பின்னுறேன்" என்றும் சொன்னார். ஏலும் என்றேன். பருத்தி சாக்ஸுக்கு மேல் கம்பளி, அதற்கு மேல் ஷூ. பெல்ட் வழக்கமான நாலாவது ஓட்டைக்குப் போகவில்லை, மூன்றில் நின்றது. அதனால் என்ன, இறுக்கமாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன்.

ஷூவின் பின்புறம், குதிகால் இருக்கும் இடத்தில், சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு. குதிகால் சரியாகக் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு. இதை மருத்துவமனையில் ஷூ அளவெடுத்துப் பூட்டிக் கொடுக்கும் அண்ணன் முதல் நாளே சொல்லியிருந்தார். நான் மறக்கவில்லை. தினமும் பார்த்தேன். ஓட்டை முழுக்கச் சிவப்பு. விரலால் தொட்டால் மெத்தென்று தட்டுப்படும். நிரம்பியிருக்கிறது என்று தாளில் டிக் போட்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் மறுபடி கோவைக்குப் போக வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் கோவைக்குப் போகும்போது செய்யும் ஒரு வேலை உண்டு. குன்னூர் வரை தலைக்குக் குல்லா, கழுத்துக்கு மப்ளர். பர்லியாரில் மப்ளர் இறங்கும். கல்லாறு வரும்போது ஸ்வெட்டர் மடிக்கு வரும். மேட்டுப்பாளையத்தில் இறங்கி டீ குடிக்கும்போது, மலையில் போட்டிருந்த எதுவும் உடம்பில் இருக்காது. குழந்தைக்கும் அப்படித்தான். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் வைத்து ஷூவைக் கழற்றி, கம்பளி சாக்ஸை உருவிவிட்டு, பருத்தி சாக்ஸோடு மறுபடி பூட்டினோம். இப்போது பெல்ட் நாலாவது ஓட்டைக்கு எளிதாகப் போனது.

"மலைல மூணுதான போச்சு?" என்றாள் மனைவி.

குளிரில் தோல் விறைக்கும், வெயிலில் இளகும் என்று நான் விளக்கம் சொன்னேன். கூடவே ஒரு உதாரணமும் சொன்னேன், தண்டவாளம். தண்டவாளம் வெயிலில் நீளும், இளகாது என்பதும், குழந்தையின் ஷூவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதும் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் விளக்கம் கேட்டவுடன் விளக்கம் வந்துவிடுவது இருபது வருட வாத்தியார் வேலையின் கெடுதல்.

அன்று டாக்டர் பாதத்தை மேலே தூக்கிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் இறுக்கமா இருக்குதே. சரியாப் போடுறீங்கதானே?" என்றார். வயதில் என் பழைய மாணவிகளைப் போன்றவர். எனக்குக் கோபமே வந்துவிட்டது. தாள்களை எடுத்து நீட்டினேன். நிமிடக்கணக்கைப் பார்த்துவிட்டு அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. இனித் தூங்கும்போது மட்டும் போட்டால் போதும், நவம்பரில் வாருங்கள் என்று அனுப்பினார்.

அக்டோபரில் குளிர் ஏறியது. அக்காவிடம் இன்னொரு ஜோடி பின்னச் சொல்லி, இரண்டாவது கம்பளி சாக்ஸும் சேர்த்தேன். பெல்ட் இரண்டாவது ஓட்டைக்கு வந்தது. மலை குளிர்ந்தால் தோல் விறைக்கும். அதற்குத்தான் விளக்கம் கைவசம் இருந்ததே.

நவம்பரில் போன அன்று கோவையிலும் மழை. மேட்டுப்பாளையத்தில் இறங்கியபோதே காற்று சில்லென்றிருந்தது. குழந்தையும் நல்ல தூக்கத்தில் இருந்தாள், எழுப்ப மனமில்லை. யாரும் எதையும் கழற்றவில்லை. அப்படியே மருத்துவமனைக்குப் போனோம்.

ஷூ அண்ணன் அவளை மேசையில் படுக்க வைத்து, பெல்ட்டை அவிழ்க்காமலே ஷூவின் பின்னால் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவில்லை. ஓட்டையிலிருந்து நூலை நெருடி வெளியே இழுத்தார்.

"ஏனுங் சார், இது என்னங்க?"

"சாக்ஸுங்க."

"அதுக்குள்ள?"

"அதுவும் சாக்ஸுங்க."

"அதுக்கும் உள்ள?"

"பருத்தி சாக்ஸ். நீங்க குடுத்ததுங்க."

"அப்ப பாப்பா எங்கீங்க இருக்குது?"

எல்லோரும் சிரித்தோம். அவர் பெல்ட்டை அவிழ்க்காமலே, ஒரு கையால் ஷூவைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் குழந்தையின் கணுக்காலை லேசாக மேலே இழுத்தார். கால் வந்துவிட்டது. உறையிலிருந்து தலையணை வருவதுபோல வந்தது. வலது ஷூ பெல்ட்டோடு கம்பியில் அப்படியே நின்றது. அவர் சிரிப்பு நின்றுவிட்டது, எங்களுடையதும்.

குதிகால் ஷூவின் அடியில் உட்காரவே இல்லை. கம்பளியின் மேல் மிதந்துகொண்டிருந்தது. உள்ளே பாதம் தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது, வெளியே ஷூ மட்டும் எழுபது டிகிரியில் நின்றிருக்கிறது. நான் தினமும் அளந்தது ஷூவை.

டாக்டர் வந்து பாதத்தை மேலே தூக்கினார். மே மாதம் சுலபமாக மேலே மடங்கிய பாதம் பாதியிலேயே நின்றது. முன்பாதம் கொஞ்சம் உள்ளே வளைந்திருந்தது. நான் பார்க்காதது இல்லை. தினமும் பார்ப்பவனுக்குத் தெரியாத அளவு வளைவு.

"இங்க வர்றவங்க ஷூ போடாம விட்டுட்டு வருவாங்க சார்," என்றார் டாக்டர். "போட்டும் இப்படி ஆனது உங்களுக்குத்தான்."

போன தடவை இந்த சாக்ஸ் இல்லையே என்று கேட்டார். மேட்டுப்பாளையத்தில் கழற்றிய கதையைச் சொன்னேன். ஷூ அண்ணன் தலையில் கையை வைத்துக்கொண்டார். "மலைக்கு ஒரு காலு, கோயமுத்தூருக்கு ஒரு காலுங்களா சார்?"

மறுபடி மாவுக்கட்டு என்று முடிவானது. வாரத்துக்கு ஒன்றாக இரண்டு கட்டு. அதில் பாதம் இளகிக் கொடுத்தால் திரும்ப ஷூவுக்குப் போகலாம். கொடுக்காவிட்டால் தசைநாரை மறுபடி வெட்ட வேண்டும், இந்தத் தடவை மயக்கம் கொடுத்து. ஒன்பது மாதக் குழந்தைக்கு மயக்க மருந்து. டாக்டர் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை.

ஈரக்கட்டோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தோம். நான் பெஞ்சில் உட்கார்ந்து, என்னால்தான் என்று சொல்ல ஆரம்பித்தேன். எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியவில்லை. மனைவி குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"பெல்ட்டு மூணுல நிக்குதுன்னு எனக்குந்தான் தெரியும்," என்றாள். "கேட்டேன். நீங்க தண்டவாளத்தச் சொன்னீங்க. நானும் சரின்னு உட்டுட்டேன். இனிமே தண்டவாளம் வேண்டாங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, போன் பண்ணிக் கேட்டுக்கலாம். இப்ப எந்திரிங்க, எனக்குப் பசிக்குது."

எதிர்க்கடையில் அவள் நாலு இட்லி சாப்பிட்டாள். நான் ஒன்று. குழந்தை மாவுக்கட்டுக் காலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தாள், புது ஓசை கிடைத்த மகிழ்ச்சியில்.

அந்த இரண்டு வாரமும் நான் வகுப்பில் என்ன நடத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. ஒருநாள் ஒரே கணக்கை இரண்டு தடவை போட்டேன் என்று பிள்ளைகள் பிறகு சொன்னார்கள். இரண்டு தடவையும் விடை வேறு வேறாக வந்ததாம். பக்கத்து வீட்டு அக்காவிடம் நடந்ததைச் சொல்லக் கூடாது, வருத்தப்படுவார் என்று நினைத்திருந்தேன். மனைவி அதற்குள் சொல்லிவிட்டாள். அக்கா வந்து கட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "நான்தான் ஏலுமா பாருங்கன்னு கேட்டேனே மாஸ்டர்" என்றார். கேட்டார்தான்.

இரண்டாவது கட்டை வெட்டிய அன்று நான் அறைக்குள் போகவில்லை. கதவுக்கு வெளியே நின்றேன். கட்டு வெட்டும் சத்தம், குழந்தையின் அழுகை, பிறகு ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாத நேரம் மிக நீளம். டாக்டர் உள்ளிருந்து, "சார், உள்ள வாங்க. நீங்களே தூக்கிப் பாருங்க" என்றார். என் விரல்களைத் தன் கையால் பிடித்துக் குழந்தையின் உள்ளங்காலில் வைத்து மேலே தள்ளவைத்தார். பாதம் மேலே வந்தது. தடுக்கவில்லை. தள்ளத் தள்ள இன்னும் வந்தது. "போதும் சார், போதும்" என்று ஷூ அண்ணன் என் கையைப் பிடித்தார். வெட்ட வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னார். நான் குழந்தைக்காகப் போட்டிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அது தாங்கியது.

மறுபடி ஷூ. இந்த முறை பருத்தி சாக்ஸ் மட்டும். முதலில் குதிகாலை அழுத்தி உட்கார வைத்து, நடு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, ஓட்டையில் பார்த்து, கணுக்காலைப் பிடித்து இழுத்துப் பார்த்து, அதற்குப் பிறகுதான் மற்ற பெல்ட். ஷூ அண்ணன் என்னைப் பத்து தடவை போட்டுக் காட்டச் சொன்னார். மாணவனாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்று தெரிந்தது. குளிருக்கு என்ன செய்வது என்று மனைவி கேட்டாள். ஷூவுக்கு மேலே எதை வேண்டுமானாலும் போர்த்துங்கள், உள்ளே ஒன்றும் வேண்டாம் என்றார். அக்கா அந்த வாரமே தலையணை உறை மாதிரி ஒன்றைப் பின்னினார். கம்பியும் இரண்டு ஷூவும் சேர்ந்து அதற்குள் போய்விடும். இப்போது அந்த மருத்துவமனையில், மலையிலிருந்து வருகிறோம் என்று சொன்னால், வீட்டில் தூங்கும்போது போடும் சாக்ஸை எடுத்துக் காட்டுங்கள் என்று கேட்கிறார்களாம்.

மகளுக்கு இப்போது இரண்டே முக்கால் வயது. தூங்கப் போகும்போது ஷூவைத் தானே எடுத்து வருகிறாள். தாள் எழுதுவதை நிறுத்திவிட்டேன், ஆனால் விரல் நிற்கவில்லை. அவள் என்னைக் கடந்து போனால் குனிந்து குதிகாலைத் தொட்டுவிடுகிறது. போன தடவை டாக்டர், "குத்த வச்சு உக்காரும்போது ரெண்டு குதியும் தரையில படுதான்னு மட்டும் பாருங்க. அது பட்டா பயப்பட வேண்டியதில்ல" என்றார். பயப்படுவதற்கு ஒரு காரணம் குறைந்தது. பார்ப்பதற்கு ஒரு வேலை கூடியது.

போன வாரம் பள்ளி விட்டு வரும்போது மனைவியும் மகளும் கேரட் கழுவும் இடத்தில் நின்றிருந்தார்கள். மண்ணோடு வரும் கேரட்டை மெஷினில் கொட்டிச் சுற்றவிட்டால் மறுபக்கம் பளபளவென்று வந்து விழும். அதைப் பார்ப்பதென்றால் மகளுக்குச் சோறு வேண்டாம். நான் வந்ததைக்கூடக் கவனிக்காமல் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரம் குத்த வைத்து உட்கார்ந்தாள். நான் அவளுக்குப் பின்னால் போய், ஈரமண்ணில் முட்டி போட்டுக் குனிந்தேன். செருப்புக்கு வெளியே வலது குதிகால், இடது குதிகால். இரண்டும் முழுசாகக் கீழே இருந்தன. சந்தேகத்துக்கு இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.

மூட்டை தூக்குபவர் ஒருவர் நின்று, "ஏனுங் சார், எதையாச்சும் தொலைச்சுட்டீங்களா?" என்றார்.

இல்லைங்க என்றேன். மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

மகள் திரும்பிப் பார்க்காமலே, "அப்பா, தள்ளிப் போ" என்றாள்.

தள்ளிப் போனேன். ரொம்பத் தூரம் இல்லை.